ஐப்பசிக்கு முன்னால் ஏறிப் பார்க்க வேண்டும்

கட்டடக்கலை வரலாற்றுப் பாடத்தில் மழையே பெய்யாது. ஐந்து வருடப் படிப்பில் நாங்கள் பார்த்த படங்களில் வானம் எப்போதும் நீலம். கோட்டுச் சித்திரமாக இருந்தால் வெறும் வெள்ளைத்தாள். எந்தக் கட்டடம் எந்த ஆண்டு எழும்பியது, யார் எழுப்பியது என்பது தேர்வுக்கு வரும். எழும்பிய பிறகு அதன் கூரையில் வருடா வருடம் யார் ஏறினார் என்பது வராது.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ஆர்க்கிடெக்ட் தொழிலைச் செய்கிற எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி அந்த வராத கேள்வியைப் பற்றியதுதான். புது வீடு கட்டுபவர்கள் மனையடி சாஸ்திரத்தோடு வருவார்கள். அறை 11 அடிக்கு 16 அடி இருக்கலாம், 12க்கு 14 ஆகவே ஆகாது. காரணம் கேட்டால் நாள்காட்டியின் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். அது ஒரு சுகமான சண்டை. பழைய வீட்டுக்காரர்களோடு அப்படியில்லை. அவர்கள் கையில் பக்கெட்டோடு நின்றபடி பேசுவார்கள். 2023 டிசம்பர் மூன்றாவது வாரம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதற்குப் பிறகு பல மாதங்கள் இந்தப் பக்கம் ஒழுகாத மட்டப்பாவை, அதாவது பழைய சுண்ணாம்பு மொட்டைமாடியை, தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று, திருநெல்வேலி டவுனில் தெற்கு ரதவீதியை ஒட்டிய ஒரு வளவுக்குள் இருக்கிறது. தார்சா, பட்டாசல் என்கிற கூடம், இரண்டாம் கட்டு, அடுக்களை, அங்கணம், புறவாசல் என்று ரயில் பெட்டிபோல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வீடு. ஆச்சி மட்டும் இருக்கிறார். மகன் பெங்களூரில். இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டினால் எத்தனை வீடு வரும் என்று கேட்கத்தான் மகன் என்னை அனுப்பியிருந்தார். ஆச்சி என்னை நேராக மாடிப்படிக்குக் கூட்டிப்போனார்.

பட்டாசலுக்கு மேலே அருமையான மட்டப்பா. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம். அதன்மேல் அச்சுக்கல் என்கிற மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டத்தில், சுண்ணாம்புச் சாந்தில் வரிசை பிடித்து அடுக்குவார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். இதை மரக்கட்டையால் அடிக்க வேண்டும். பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். அடித்த கட்டை தடம் பதிக்காமல் துள்ளித் திரும்பும் வரை அடி நிற்காது. கடைசியாகத் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. தண்ணீர் ஓடுவதற்கு மெல்லிய வாட்டம், மூலையில் தூம்பு. வெயிலில் விரியும், மழையில் கொஞ்சம் குடிக்கும், காற்றில் உலர்ந்துவிடும்.

இந்த வீட்டில் யாரோ ஒருவர், ஒழுகுகிறது என்றதும் தட்டோட்டுக்கு மேலே இரண்டு அங்குலம் சிமென்ட் பூசிவிட்டுப் போயிருந்தார். சிமென்ட் முதல் சித்திரை வெயிலிலேயே முடிக்கோடாக வெடித்திருக்கும். அந்தக் கோடு வழியாக உள்ளே போகத் தெரிந்த தண்ணீருக்கு மேலே வந்து ஆவியாகத் தெரியாது. கீழே இறங்கி உத்தரத்தின் நுனியில், சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த ஒரு முழத்தில், தங்கிவிடும். பட்டாசலில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். உத்தரத்தின் நடுப்பகுதி நேற்று இழைத்ததுபோல் இருக்கிறது. சுவரோரத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினால் கைப்பிடி வரை இறங்குகிறது. என்னோடு வந்த கொத்தனார் அண்ணாச்சி இதையெல்லாம் பார்க்கவே இல்லை. நேராகத் தூம்புக்குப் போய்க் கையை விட்டு ஒரு கூடை வேப்பிலைச் சருகை அள்ளி வெளியே போட்டார். “வியாதி இவ்வளவுதான் அம்மா” என்றார்.

ஆச்சி சொன்னது இது. அவருடைய மாமியார் காலத்தில் புரட்டாசி பிறந்ததும் ஒருவர் சொல்லாமலே வருவாராம். தூம்பைச் சுத்தம் செய்து, வெடிப்பில் சுண்ணாம்பு ஊட்டி, முளைத்திருக்கும் அரசங்கன்றை வேரோடு பிடுங்கிவிட்டுப் போவாராம். கூலியாக நெல், தீபாவளிக்கு வேட்டி. அவர் காலமானார், மகன் திருப்பூருக்குப் போய்விட்டார். “அதற்கப்புறம்தான் ஒழுக ஆரம்பித்தது” என்றார். வீட்டுப் பத்திரத்தில் கட்டியவர் பெயர், விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர் எல்லாம் இருக்கிறது. அவர் பெயர் இல்லை.

எங்கள் பாடப்புத்தகத்திலும் இல்லை. உலகம் முழுக்கக் கட்டடக்கலை மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த பிளெட்சரின் கட்டடக்கலை வரலாற்று நூல் 1896இல் வந்தது. அதில் பின்னர் சேர்ந்த மரப்படம் ஒன்று பிரசித்தம்: கிரேக்கம், ரோம் என்று நடுமரம் உயர்ந்துகொண்டே போகும், இந்தியா, சீனா, மெக்சிகோ எல்லாம் பக்கத்தில் கிளைவிட்டு அங்கேயே நின்றுவிடும். 1901 பதிப்பில் நம்மையெல்லாம் ‘வரலாறு சாராத பாணிகள்’ என்ற தலைப்பில் போட்டார்கள். பிறகு திருத்திக்கொண்டார்கள், அது இருக்கட்டும். அந்த மரத்தைப் பார்த்து எல்லோரும் கோபப்படுவது ‘நம்மை ஏன் கிளையில் வைத்தாய்’ என்பதற்காக. எனக்கு வேறு கோபம். அந்த மரத்துக்கு யாரும் தண்ணீர் ஊற்றியதாகவே தெரியவில்லை.

தேவாலயமாக எழும்பிய ஹாகியா சோபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வில் எழுத வேண்டியது: 532 முதல் 537 வரை, அந்தேமியஸ், இசிடோர். ஆனால் அவர்கள் போட்ட குவிமாடம் 558இல் விழுந்துவிட்டது. இன்று இஸ்தான்புல்லில் அண்ணாந்து பார்ப்பது இன்னொரு இசிடோர், இளையவர், உயரத்தைக் கூட்டி 562இல் முடித்தது. அதிலும் ஒரு பகுதி 10ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் விழ, ஆர்மேனியாவிலிருந்து திருதத் என்ற சிற்பி வந்து சரிசெய்தார். 14ஆம் நூற்றாண்டில் மறுபடி விழுந்தது, மறுபடி கட்டினார்கள். 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானியரின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் வெளியே முட்டுச்சுவர் கொடுத்தார். தன் பெயரில் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் வைத்திருந்த மனிதர், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய, வேறு மதத்தார் கட்டிய ஒன்றுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். சினானைப் பற்றிப் படித்ததில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

மாலியில் ஜென்னே என்ற ஊரில் 1907இல் கட்டிய மண் பள்ளிவாசல் இருக்கிறது. முழுக்க மண். வருடத்துக்கு ஒருமுறை ஊரே திரண்டு அதற்கு மண்பூச்சு பூசுகிறது. கொத்தனார் குழுவினர் மேற்பார்வை. சுவரிலிருந்து வரிசையாகக் கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். படத்தில் அலங்காரம்போலத் தெரியும். பூசுகிறவர்கள் ஏறி நிற்கிற நிரந்தரச் சாரம் அது. கட்டும்போதே அடுத்த வருடம் ஏறப்போகிறவனுக்குக் கால் வைக்க இடம் விட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டைகள் ஆப்பிரிக்கப் பனை, நம் பனைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். பனைமரச் சட்டமான பனங்கையின் அருமை நம் ஆட்களுக்கும் தெரியும். உடன்குடிப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளின் முதுகெலும்பே அதுதான்.

ஜப்பானின் இசே ஆலயத்தில் இன்னும் தீர்மானமாக இருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அளவில், அதே மரத்தில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். 2013இல் செய்தது 62ஆவது முறை. ஒரு தச்சன் இளைஞனாக ஒருமுறை கற்றுக்கொள்ளலாம், முதிர்ந்தவனாக ஒருமுறை கற்றுக்கொடுக்கலாம். கட்டடத்தைவிடக் கைவேலை அங்கே நீண்ட நாள் இருக்கிறது.

நமக்கு மட்டும் இது தெரியாதா என்ன? குறுக்குத்துறை முருகன் ஆற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். வெள்ளம் வந்தால் உற்சவர் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குப் போய்விடுவார். தாமிரபரணி கோயிலுக்கு மேலேயே ஓடும். வடிந்ததும் சேற்றை வாரிவிட்டு விளக்கேற்றுவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் தலைமைச் சிற்பி குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயர் கல்வெட்டில் இருக்கிறது என்று நாம் பெருமைப்படுகிறோம், சரி. அதே கோயில் கல்வெட்டுகளில்தான் தச்சர், குயவர், வண்ணார், கணக்கர், விளக்கேற்றுவோர் என்று தினப்படி நடத்துவதற்கான ஆட்களையும், அவர்களுக்கான பங்கையும் இராசராசன் எழுதிவைத்திருக்கிறான். கட்டியதோடு கைகழுவவில்லை.

ஆனால் என் வரையில் இந்த விஷயத்தின் உச்சம் தென்காசியில் இருக்கிறது. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிய காசி விசுவநாதர் கோயில். அங்கே அவன் பாட்டாகவே வெட்டிவைத்திருக்கிறான்: இந்தக் கோயிலுக்கு ஏதேனும் குறை வந்தால் அதை நீக்கிக் காப்பவர் யாராக இருந்தாலும், உலகமறிய அவர்களை நான் பணிகிறேன் என்று. பணிகிறவன் அரசன், பணியப்படுகிறவன் இன்னும் பிறக்காத யாரோ ஒருவன். அப்படி ஒருவனுக்கு அந்தக் கோயில் நீண்ட காலம் காத்திருக்கவும் செய்தது. சிதைந்து மொட்டையாக நின்ற ராஜகோபுரம் 1990இல்தான் மறுபடி சுமார் 180 அடிக்கு எழுந்தது. குற்றாலத்துக்குப் போகிற வழியில் அந்தக் கோபுர வாசலில் காற்று வாங்கியவர்கள் எத்தனையோ பேர். பாட்டைப் படித்தவர்கள் குறைவு.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இத்தாலியில் ஆல்பெர்ட்டி தன் கட்டடக்கலை நூலை எழுதிக்கொண்டிருந்தார். மனத்தில் வடிவமைப்பவன் வேறு, கையால் கட்டுகிற தச்சன் வேறு என்று தெளிவாகப் பிரித்தவர் அவர். எங்கள் தொழிலின் தகப்பனார் என்று கல்லூரியில் சொன்னார்கள். அந்த நூலின் பத்தாவது, கடைசிப் பகுதி பழுதுபார்ப்பதைப் பற்றியது. அதை மட்டும் எங்களுக்கு யாரும் நடத்தவில்லை.

நடத்தாததன் பலன் எங்கள் ஒப்பந்தத் தாளில் தெரியும். வரைபடத்துக்கு இவ்வளவு, அனுமதிக்கு இவ்வளவு, மேற்பார்வைக்கு இவ்வளவு என்று கட்டணம் படிப்படியாக வரும். பால் காய்ச்சுகிற நாளோடு நின்றுவிடும். அதற்கு முந்தைய வாரம் புகைப்படக்காரர் வந்து நீல வானத்தோடு படமெடுத்துவிட்டுப் போயிருப்பார்.

சக ஆர்க்கிடெக்டுகள் சந்தித்தால் பேச்சு ஒரே விஷயத்தில்தான் வந்து நிற்கும். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டம் பட்டப்பெயரைத்தான் காக்கிறது, தொழிலைக் காக்கவில்லை. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது: பதிவு செய்யாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது, அந்த வேலையைச் செய்யத் தடையில்லை. சதுர அடிக்குச் சில்லறைக் காசு வாங்கிக்கொண்டு பிளான் போடுபவர்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று புலம்பல். எனக்கு அவர்கள்மேல் வருத்தமில்லை. பிளானை அவர் ஒரு மாலையில் போட்டுவிடுவார். பாதி நன்றாகவே இருக்கும். புரட்டாசியில் அவர் மாடி ஏறமாட்டார். நாமும் ஏறாவிட்டால் அவருக்கும் நமக்கும் நடுவே வெறும் பதிவு எண்தானே இருக்கிறது?

ஆச்சி வீட்டைப் பொறுத்தவரை, மகனிடம் இரண்டு கணக்கும் கொடுத்தேன். அவர் ஒரு மாதம் யோசித்துவிட்டுப் பழுதுபார்க்கச் சொன்னார். சிமென்ட்டைப் பெயர்த்தோம், அழுகிய நுனிகளை அறுத்துப் பழைய தேக்கிலேயே ஒட்டுப் போட்டோம், சுவருக்குள் இறங்குமிடத்தில் காற்றுப் போக இடைவெளி விட்டோம். சுண்ணாம்பு அடிக்க ஆட்களைத் தேடியதுதான் பெரும்பாடு. அண்ணாச்சிக்குத் தெரிந்த இரண்டு வயதான பெண்கள் வந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இப்போது நான் கட்டித்தரும் புது வீடுகளுக்கும் வருடாந்திரப் பார்வை என்று ஒரு பக்கம் ஒப்பந்தத்தில் சேர்க்கிறேன். “காங்கிரீட் வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது?” என்கிறார்கள். உவரி, திருச்செந்தூர் பக்கம் உப்புக்காற்றில் சன்ஷேடின் அடியைப் போய்ப் பாருங்கள். உள்ளே கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் காங்கிரீட்டைத் தள்ளும். முதலில் பழுப்புக் கோடு, பிறகு சில்லுச் சில்லாய் உதிர்வு. கோட்டிலேயே பார்த்துவிட்டால் செலவு சொற்பம்.

கட்டணம் அண்ணாச்சியின் ஒரு நாள் கூலி, என் பெட்ரோல், கொஞ்சம் என் கண்ணுக்கு. வேண்டியவர்கள் ஆவணிக்குள் சொல்லிவிடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் சுண்ணாம்பு காய நாள் கிடைக்காது, ஈரப் படியில் அண்ணாச்சியும் ஏறமாட்டார்.