லாண்டிரி தம்பி, காய்கறி எம்பிஏ, இன்னும் ஒரு 400 பேர்

என் போன்ல "லாண்டிரி தம்பி"ன்னு ஒரு நம்பர் இருக்கு. அதே மாதிரி "காய்கறி எம்பிஏ", "டிபன் மேடம்", "ஸ்கூல் வேன் ஐஐடி", "பழைய கார்"னு ஒரு 400 நம்பர் தேறும். பெங்களூர்ல ஒரு பேப்பருக்கு ரிப்போர்ட்டரா ஸ்டார்ட்அப் பீட், அதாவது புதுசா ஆரம்பிக்கற கம்பெனிங்கள பத்தி எழுதற வேலை, பாக்க ஆரம்பிச்ச புதுசுல ஒழுங்கா பேர் போட்டு தான் சேவ் பண்ணிட்டு இருந்தேன், ஆனா ஒரே பேர்ல பதினோரு பேர் ஆயிட்டாங்க, அதுல எவன் பால் பாக்கெட் எவன் ட்யூஷன்னு ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்டோரி ஃபைல் பண்ற அவசரத்துல தேடி மாளல, அதனால என்ன விக்கிறாங்களோ அதையே பேரா போட்டுட்டேன். இப்போ சிக்கல் என்னன்னா அந்த கம்பெனில முக்காவாசி இல்ல. ஆளுங்க இருக்காங்க. காய்கறி எம்பிஏ இன்னைக்கு புது கம்பெனிங்கள்ல பணம் போடற ஒரு வென்ச்சர் ஃபண்ட்ல பெரிய ஆளு. ஒரு தடவை பக்கத்துல உக்காந்து பேசிட்டு இருக்கும்போது, என் நம்பர் உங்ககிட்ட இருக்கான்னு கேட்டு மிஸ்டு கால் குடுத்தார், டேபிள் மேல இருந்த என் போன்ல கொட்ட எழுத்துல "காய்கறி"ன்னு வந்துச்சு. சிரிச்சார். ரொம்ப சிரிக்கல.

நான் பெங்களூர் போனது 2011ல. அதுக்கு முன்னாடி சென்னைல சர்க்கரை ஆலை, சிமெண்ட், ஆட்டோ பார்ட்ஸ் இந்த மாதிரி கம்பெனிங்க ரிசல்ட் எழுதிட்டு இருந்தேன். அது சப்புன்னு இருக்கும், ஆனா ஒரு நிம்மதி உண்டு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கை வெளியிட்டே ஆகணும், வித்தது எவ்ளோ மிஞ்சினது எவ்ளோன்னு கண்ணுக்கு முன்னாடி இருக்கும். பெங்களூர்ல அந்த கதையே இல்ல, எல்லாம் பிரைவேட் கம்பெனி. கோரமங்களால ஒரு காபி கடைல உக்காந்தா சுத்தி நாலு டேபிள்ல மூணுல எவனாவது லேப்டாப்பை திருப்பி வச்சு எவனுக்காவது படம் காட்டிட்டு இருப்பான். ஃபிளிப்கார்ட் 2007ல அந்த ஏரியால ஒரு ஃபிளாட்ல ஆரம்பிச்ச கதை அதுக்குள்ள புராணம் ஆயிடுச்சு, அதனால எல்லாருக்கும் ஒரு ஃபிளாட் கதை இருந்தே ஆகணும். அப்பா வீட்டு மாடில வசதியா ஆரம்பிச்சவன் கூட "ஒரு சின்ன ரூம்ல"ன்னு தான் ஆரம்பிப்பான்.

இந்த பீட்ல நியூஸ்னா ஒண்ணே ஒண்ணு தான். ஃபண்டிங். யாருக்கு எவ்ளோ பணம் வந்துச்சு, யார் போட்டாங்க, அவ்ளோ தான். கம்பெனிக்கு விளம்பர வேலை பாக்கற பிஆர் ஏஜென்சிலேர்ந்து முந்தின நாளே மெயில் வந்துரும், நாளைக்கு காலைல பத்து மணி வரைக்கும் எம்பார்கோ, அதாவது அதுவரைக்கும் வெளியிடக்கூடாது, நிறுவனர் ரெண்டு பேர் கைய கட்டிட்டு செங்கல் சுவத்துக்கு முன்னாடி நிக்கிற போட்டோ கூடவே இருக்கும். ஒரு நாள் இப்படி ஒண்ண அனுப்பிட்டு, முதல் பக்கத்துல கீழயாச்சும் போடுங்கன்னு சண்டை போட்டுட்டு இருக்கேன், நைட் டெஸ்க்ல இருந்த சீனியர் சப் எடிட்டர், முப்பது வருஷமா அதே நாற்காலில உக்காந்திருந்தவர், கண்ணாடிய மேல ஏத்திட்டு கேட்டார், "என்னய்யா, இது கல்லாவுல விழுந்த காசா, கைமாத்தா?" கைமாத்து இல்ல சார், பங்கு குடுத்து வாங்குனதுன்னேன். "அப்போ கடையில ஒரு பங்க வித்துட்டு வந்து நிக்கிறான், அதுக்கு ஏன்யா நீ பட்டாசு வெடிக்கிற"ன்னுட்டு அஞ்சாம் பக்கத்துல ரெண்டு காலம் செய்தியா போட்டுட்டார். எனக்கு செம கோவம். ஆனா அந்த கேள்வி என்னை விட்டு போகல, பொண்ணு பாத்துட்டு போனதையே கல்யாணம் முடிஞ்சதா எழுதிட்டு இருக்கோமோன்னு ஒரு உறுத்தல் அப்போ உக்காந்தது தான்.

அந்த உறுத்தல்ல தான் நான் கம்பெனிங்களோட கணக்கு பேப்பர பாக்க கத்துக்கிட்டேன். கம்பெனி விவகார அமைச்சகம் வெப்சைட்ல 100 ரூபா கட்டுனா எந்த பிரைவேட் கம்பெனியோட ஃபைலிங்கையும் பாக்கலாம். அதுல என்ன மாதிரி ரிப்போர்ட்டருங்களுக்கு உயிர் பிஏஎஸ்-3ங்கற ஃபார்ம். 2014 ஏப்ரலுக்கு முன்னாடி ஃபார்ம் 2ன்னு இருந்துச்சு, அதே சமாச்சாரம் தான், புதுசா யாருக்கு எத்தனை ஷேர் ஒதுக்குனாங்க, ஒரு ஷேர் என்ன விலைன்னு போர்டு தீர்மானத்தோட சேத்து இருக்கும். அந்த விலைய மொத்த ஷேரால பெருக்குனா கம்பெனிக்கு என்ன மதிப்பு போட்டிருக்காங்கன்னு ஓரளவு வந்துரும், அவங்க "வேல்யூவேஷன் பத்தி பேச மாட்டோம்"னு பிகு பண்றத கேட்டுட்டு நிக்க தேவையில்ல. பத்து மில்லியன் டாலர் வந்திருக்குன்னு ஒரு கம்பெனி சொன்னத நான் அப்படியே எழுதுனேன், ரெண்டு மாசம் கழிச்சு பிஏஎஸ்-3 பாத்தா வந்திருக்கறது ஒண்ணரை மில்லியன். போன் பண்ணி கேட்டேன். மீதி "டிரான்ச்"ல வரும்னாங்க, அதாவது இவ்ளோ ஆர்டர் புடிச்சா தான் அடுத்த தவணைன்னு இன்வெஸ்டர் கண்டிஷன். அதெல்லாம் பிரஸ் ரிலீஸ்ல ஏன் போடலன்னா, "எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க"ன்னு பதில். அந்த தவணை வரவே இல்ல. திருத்தம் போட்டோமான்னா, இல்ல, புது ஸ்டோரியும் எழுதல, அதுக்குள்ள வேற பத்து ஃபண்டிங் வந்துடுச்சு, அது என் தப்பு தான்.

2014 ஜூலை கடைசி வாரம் நல்லா ஞாபகம் இருக்கு. 29ஆம் தேதி ஃபிளிப்கார்ட் ஒரு பில்லியன் டாலர் திரட்டிட்டோம்னு சொன்னாங்க, அத எழுதி முடிச்சு வீட்டுக்கு போய் தூங்கி எழுந்தா 30ஆம் தேதி அமேசான் இந்தியால ரெண்டு பில்லியன் போடறோம்னு அறிவிப்பு. செப்டம்பர்ல ஜெஃப் பெசோஸ் பெங்களூர் வந்து, அலங்காரம் பண்ண லாரி மேல ஏறி நின்னு ரெண்டு பில்லியன்னு எழுதுன ஆளுயர டம்மி செக்க கைல புடிச்சுட்டு போஸ் குடுத்தார். ஊர்ல பொதுக்கூட்டத்துல குடுக்கற செக் மாதிரியே. அடுத்த வாரமே அக்டோபர் 6, ஃபிளிப்கார்ட்டோட பிக் பில்லியன் டே தள்ளுபடி விற்பனை, பத்து மணி நேரத்துல 600 கோடிக்கு வியாபாரம்னு சொன்னாங்க, சைட்டு திணறி ஏகப்பட்ட பேர் திட்டி, மறுநாள் நிறுவனர்ங்க சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் கஸ்டமர்ங்களுக்கு மன்னிப்பு கேட்டு மெயில் அனுப்புனாங்க. அந்த மூணு மாசம் நான் எழுதுனதுல பூஜ்யம் தான் ஜாஸ்தி.

டிராவல் பத்தி கேப்பாங்க, நல்லா ஊர் சுத்திருப்பீங்களேன்னு. சுத்துனேன். ஆனா எந்த ஊர் போனாலும் ஒரே ஹால் தான், கழுத்துல டேக், கைல துணிப்பை, பிளக் பாயிண்ட் எங்கன்னு தேடி சுவத்தோரமா தரைல உக்காந்து ஸ்டோரி அடிக்கிறது. கம்பெனி செலவுல போனா கட்டுரை கடைசில "இன்ன நிறுவனத்தின் அழைப்பின் பேரில் சென்றார்"னு ஒரு வரி சாஞ்ச எழுத்துல வரும், அத படிக்கிறவன் எவனும் இல்ல, ஆனா எழுதும்போது எனக்கு அது உறுத்தும். ஊர் திரும்பி வந்தா ராத்திரி ஒரு மணிக்கு ஏர்போர்ட்லேர்ந்து வாயு வஜ்ரா பஸ்ல தூங்கி விழுந்துட்டே சில்க் போர்டு ஜங்ஷன்.

ஆனா 2014 நவம்பர்ல பின்லாந்துல ஹெல்சின்கி போனது மட்டும் வேற. ஸ்லஷ்னு ஒரு ஸ்டார்ட்அப் திருவிழா, காலேஜ் பசங்க தான் முன்ன நின்னு நடத்துவாங்க. மத்தியானம் மூணரைக்கே இருட்டிடுது, உள்ள லேசர் லைட்டும் புகையுமா சினிமா ஆடியோ லாஞ்ச் மாதிரி இருக்கு. அந்த நாட்டு கம்பெனியான நோக்கியாவோட பழைய ஆளுங்க ஆரம்பிச்ச யோல்லான்னு ஒரு கம்பெனி அங்க ஒரு டேப்லெட்ட காட்டி ஜனங்ககிட்டயே நேரா காசு திரட்டுச்சு, ஒரே கைதட்டல் (அந்த டேப்லெட் கடைசில காசு போட்ட நிறைய பேர் கைக்கு போய் சேரவே இல்ல, அது தனி கதை). மேடைலயும் சரி காபி க்யூலயும் சரி, எல்லாரும் சொன்னது ஒண்ணு தான், நோக்கியா விழுந்தது எங்களுக்கு நல்லதா போச்சு, அவ்ளோ இன்ஜினியர் வெளிய வந்தாங்க, கம்பெனி ஆரம்பிச்சாங்கன்னு. பொய் இல்ல. நோக்கியாவே பிரிட்ஜ்னு ஒரு திட்டம் வச்சு, வேலை போறவங்க சொந்தமா தொழில் ஆரம்பிக்க ஆளுக்கு 25,000 யூரோ வரைக்கும் குடுத்துருக்கு.

நான் அங்க நின்னுட்டு ஸ்ரீபெரும்புதூர நெனச்சுட்டு இருந்தேன். 2006ல ஆரம்பிச்ச நோக்கியா ஆலை. சென்னைல இருந்தப்போ நான் அங்க போயிருக்கேன், ஷிஃப்ட் மாறுற நேரத்துல வரிசையா கம்பெனி பஸ் நிக்கும், காஞ்சிபுரம் பக்கம் திருவண்ணாமலை பக்கம்னு எங்கெங்கருந்தோ வந்த பொண்ணுங்க சாப்பாட்டு டப்பாவோட ஓடி வந்து ஏறும். வரி வழக்குல ஆலை மாட்டிக்கிட்டதால நோக்கியா தன் போன் பிசினஸ மைக்ரோசாஃப்ட்டுக்கு வித்ததுல அது சேரல, அப்புறம் மைக்ரோசாஃப்ட் ஆர்டரும் நின்னு போய், நான் ஹெல்சின்கி போறதுக்கு ரெண்டரை வாரம் முன்னாடி, நவம்பர் 1ஆம் தேதி மூடுனாங்க. விஆர்எஸ், அதாவது விருப்ப ஓய்வு, வாங்கிட்டு பல ஆயிரம் பேர் வெளிய வந்துட்டாங்க. அதே கம்பெனி, அதே சரிவு. இங்க அதுக்கு மேடை போட்டு லேசர் லைட் அடிக்கிறாங்க. நான் இத ஸ்டோரில ஒரு பாரா சேத்து அனுப்புனேன், நீளம்னு வெட்டிட்டாங்க. வெட்டுனது எடிட்டர் தான், ஆனா ஸ்ரீபெரும்புதூருக்கே போய் தனியா ஒண்ணு எழுதியிருக்கலாம், நான் போகல. என் பீட் இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

பீட்னா என்னன்னு அப்புறம் ஒரு தடவை தென்காசில புரிஞ்சுது. சோஹோ 1996ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்ச கம்பெனி, வெளி இன்வெஸ்டர் காசே வாங்காம வளந்தது, சாஃப்ட்வேர வித்து வர்ற காசுல சம்பளம் குடுத்து மிச்சத்துல அடுத்தத பண்றது. நைட் டெஸ்க் பாஷைல சொன்னா மொத்தமும் கல்லா காசு. விளைவு, எங்க கண்ணுல அது படவே இல்ல. ஃபண்டிங் இல்லன்னா மெயில் இல்ல, எம்பார்கோ இல்ல, செங்கல் சுவர் போட்டோ இல்ல. நாலு பேர் ஆறு மாசமா நடத்துற கம்பெனிய பத்தி நான் அரை பக்கம் எழுதிட்டு இருந்த காலத்துல, ஆயிரக்கணக்குல ஆள் வச்சு சம்பளம் குடுத்துட்டு இருந்தவங்கள பத்தி எழுதுனது கை விரல்ல எண்ணிரலாம். பொதிகை ரயில்ல காலைல தென்காசி இறங்கி, சோஹோ ஆபீஸ் இருக்கற மத்தளம்பாறை போனேன், குற்றாலம் பக்கத்துல, சாரல் அடிச்சுட்டு இருந்துச்சு. ஊர் கடைல டீ குடிச்சுட்டு ஐடி கம்பெனி எங்கன்னு கேட்டா, "எங்க அக்கா மவ அங்கன தான் இருக்கா, நேரா போங்க"ன்னு ஒருத்தர் வழி சொன்னார். வருஷம் எத்தனை கோடின்னு அவர் சொல்லல, நானும் கேக்கல.

ஃபண்டிங் வாங்குறதே தப்புன்னு சொல்ல வரல. சென்னைல 2010ல ஃப்ரெஷ்டெஸ்க்னு ஆரம்பிச்ச ஃப்ரெஷ்வொர்க்ஸும் வென்ச்சர் காசுல வளந்தது தான், 2021 செப்டம்பர் 22ல அமெரிக்க பங்குச்சந்தை நாஸ்டாக்ல லிஸ்ட் ஆகும்போது ஐநூறுக்கு மேல ஊழியர்ங்க கோடீஸ்வரங்க ஆயிட்டாங்கன்னு அதோட நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். அத நான் வீட்ல உக்காந்து லுங்கியோட லைவ் பாத்து எழுதுனேன். என் குறை கம்பெனிங்க மேல இல்ல, வந்த காச மட்டும் எண்ணிட்டு, போன காச எண்ணாத எங்க மேல தான்.

லாண்டிரி தம்பி ஈரோட்டு பையன். ஆப்ல சொன்னா வீட்டுக்கு வந்து துணி எடுத்து துவைச்சு மடிச்சு குடுக்கறது, அவனுக்கு ஃபண்டிங் வந்தப்போ நான் தான் முதல்ல எழுதுனேன், வழக்கம் போல செங்கல் சுவர். 2016ல ஒரு ஞாயித்துக்கிழமை கால் பண்ணான். மூடப்போறானாம். நான் நோட்புக்க எடுத்துட்டேன். "அண்ணா, எழுதறதுனா எழுதிக்கங்ணா, அதுக்கு கூப்பிடல, வாஷிங் மெஷின் வாங்கறவங்க யாராச்சும் தெரியுமாங்ணா, பெரிய மெஷின், பதினாலு இருக்கு, வர்ற காசுல பசங்களுக்கு ரெண்டு மாச சம்பளம் குடுத்தரலாம்"னான். அஞ்சு வருஷமா இந்த ஊர்ல யாருக்கு எவ்ளோ பணம் வருதுன்னு எனக்கு தெரியும், பழைய மெஷின் யார் வாங்குவான்னு ஒருத்தனையும் தெரியல. சர்க்கரை ஆலை காலத்து பழக்கத்துல ஓசூர்ல ஒரு லாட்ஜ்காரர் இருந்தார், அவர புடிச்சேன். வந்து பாத்துட்டு ஒவ்வொண்ணுத்துக்குள்ளயும் கைய விட்டு சுத்தி பாத்து, பேரம் பேசி நாலு எடுத்துக்கிட்டார். மீதிய அவரே சொந்தக்காரங்ககிட்ட தள்ளி விட்டார். கம்பெனி மூடுன செய்தி எங்க பேப்பர்ல பதினொண்ணாம் பக்கத்துல ஆறு வரி.

போன வருஷம் ஓசூர் போனப்போ அந்த லாட்ஜ்ல தான் தங்குனேன். பின்பக்கம் தொட்டிகிட்ட ரெண்டு மெஷின் இன்னும் ஓடிட்டு இருக்கு, கதவு மேல அவன் கம்பெனி ஸ்டிக்கர் பாதி உரிஞ்சு நிக்குது. போட்டோ எடுத்து அனுப்புனேன். "பெல்ட் மாத்திருக்காங்களான்னு கேளுங்ணா"ன்னு பதில் போட்டான்.