பிரஷர் எப்போதும் 90தான்: உறுதி செய்துகொண்ட விதமும் பழகிக்கொண்டவையும்

கல்லூரிக் காலத்திலிருந்தே என் இரத்த அழுத்தம் 90/60-ஐ ஒட்டித்தான் இருந்து வருகிறது. சில நாள் 96, சில நாள் 88; நூறைத் தொடுவது அபூர்வம். என் தாயாருக்கும் நடுவயது வரை இப்படித்தான் இருந்தது. எங்கள் வீட்டில் இதை ‘லோ பிரஷர் உடம்பு’ என்று சொல்லி, உப்பைச் சற்றுத் தூக்கலாகப் போட்ட மோரைக் கையில் கொடுத்து விஷயத்தை முடித்துவிடுவார்கள். திருச்சியில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றும் நான் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் இதை முறையாகப் பரிசோதித்துக்கொண்டேன். அதற்கு வழிவகுத்தது ஓர் இரத்ததான முகாம். நம் நாட்டில் இரத்தம் கொடுப்பவருக்கு மேல் அழுத்தம் 100 முதல் 140 வரையும், கீழ் அழுத்தம் 60 முதல் 90 வரையும் இருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு 92/58 இருந்ததால் என்னைத் திருப்பி அனுப்பிய முகாம் மருத்துவர், “இது உங்களுக்கு இயல்பானதாக இருக்கலாம், ஆனால் அப்படித்தான் என்று இதுவரை யாராவது பார்த்துச் சொல்லியிருக்கிறார்களா?” என்று கேட்டார். யாரும் சொன்னதில்லை.

அடுத்து நான் சென்று பார்த்த பொதுநல மருத்துவர் கருவியை எடுப்பதற்கு முன் நீண்ட நேரம் கேள்விகளையே கேட்டார். தலைசுற்றல் எப்போது வருகிறது: படுக்கையை விட்டு எழும்போதா, வெகுநேரம் நின்றுகொண்டிருக்கும்போதா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகா, மாடிப்படி ஏறும்போதா? மயங்கி விழுந்ததுண்டா, விழுமுன் கண் இருட்டிக்கொண்டு வந்ததா, அல்லது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழுந்தேனா? உடல் எடை காரணமின்றிக் குறைகிறதா, உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கறுத்திருக்கின்றனவா, உப்பின் மீது அடங்காத ஆசை இருக்கிறதா? கடைசி மூன்றும் எதற்காக என்று கேட்டபோது, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி செயலிழந்தால் அழுத்தம் இறங்குவதோடு இந்த அடையாளங்களும் சேர்ந்து வரும் என்று விளக்கினார். என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறேன் என்பதையும், மாதவிலக்கில் இரத்தப்போக்கு எவ்வளவு என்பதையும் வெகு நுணுக்கமாகக் கேட்டறிந்தார். எல்லாத் தலைசுற்றலையும் ‘லோ பிரஷர்’ கணக்கில் எழுதிவிடும் நம் வழக்கத்தை எண்ணிப் பார்த்தால், இந்தக் கேள்விகள்தாம் முழுப் பரிசோதனையிலும் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது.

அளவெடுத்த விதமும் நான் அதுவரை கண்டதல்ல. வழக்கமாக மருத்துவமனை நடைக்கூடத்தில், படியேறி வந்த மூச்சு அடங்குமுன், ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி அளந்துவிடுவார்கள். இவர் என் கைச்சுற்றளவைப் பார்த்துவிட்டுச் சிறிய பட்டையை வரவழைத்தார். ஒல்லியான கைக்குப் பெரிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்திருந்தாலும் அப்படித்தான். முதலில் இரண்டு கைகளிலும் பார்த்தார். பிறகு ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்து, எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒருமுறையும், மூன்று நிமிடத்தில் ஒருமுறையும் அளந்தார். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் மகாதமனியின் வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அதை நொடியில் கண்டுகொண்டு, இதயத்தை வேகப்படுத்தியும் இரத்தக் குழாய்களை இறுக்கியும் ஈடுசெய்கின்றன. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் அந்த ஈடுசெய்யும் ஏற்பாட்டில் குறை இருக்கிறது என்று பொருள். எனக்குப் படுத்திருக்கையில் 94/60, நின்ற பிறகு 88/60. நாடித்துடிப்பு 72-லிருந்து 86-க்கு ஏறியிருந்தது. இவ்வளவு ஏறி இறங்குவது யாருக்கும் உள்ளதுதான் என்றார்.

ஈசிஜி, சர்க்கரை, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், தைராய்டு ஆகியவற்றோடு முழு இரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். மற்ற எல்லாம் சரியாக இருக்க, ஹீமோகுளோபின் மட்டும் 10.4 கிராம் என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் அது இரத்தசோகை. மூன்றாவது பாடவேளையிலேயே வரும் களைப்புக்கும், மாடிப்படியில் ஏற்படும் மூச்சிரைப்புக்கும் காரணம் அந்த 90 அல்ல, இரும்புச்சத்துக் குறைவே என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொள்ளுமாறும், அதை ஒட்டி ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் காபி, தேநீர் அருந்த வேண்டாம் என்றும் சொன்னார். அதிக இரத்தப்போக்குக்கு மகளிர் நல மருத்துவரிடம் தனியே சிகிச்சை பெற்றேன். சில மாதங்களில் ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியது. களைப்பும் மூச்சிரைப்பும் போயின. அழுத்தமோ இருந்த இடத்திலேயே இருந்தது.

அழுத்தத்தை ஏற்றுவதற்கு மாத்திரை எதுவும் தரவில்லையே என்று என் கணவருக்குச் சற்றுக் குறைதான். மருத்துவர் அவருக்குக் கணக்குப் போட்டே காட்டினார். மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைக் கீழ் அழுத்தத்தோடு கூட்டினால் கிடைப்பது சராசரி அழுத்தம். அது 65-க்குக் குறையாதிருந்தால் பொதுவாக மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போதிய இரத்தம் போய்ச் சேரும். என் 92/60-க்கு அது ஏறக்குறைய 71. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்பதற்குக் கிரியாட்டினின் சாட்சி. நடுவயதினருக்கு 115/75-லிருந்து மேல் அழுத்தம் ஒவ்வொரு 20 ஏறும்போதும் மாரடைப்பு, பக்கவாதத்தால் இறக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. அந்த ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவருக்கு மாத்திரை கொடுத்து மேலே ஏற்றுவானேன் என்பது அவர் கேள்வி. ஜெர்மனியில் இந்த உடல்வாகை நோயாகக் கருதி நெடுங்காலம் மருந்து கொடுத்துவந்தார்களாம். பிரிட்டன் மருத்துவர்கள் அதைக் கேலி செய்து ‘ஜெர்மானிய வியாதி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மாத்திரைக்குப் பதிலாக அவர் தந்தது ஒரு வேலை. மேற்கையில் சுற்றி அளக்கும் மின்னணுக் கருவி ஒன்றை வாங்கி, ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் அமர்ந்த நிலையில் அளந்து, இரண்டு எண்களையும் நாடித்துடிப்பையும் குறிப்பேட்டில் எழுதிவரச் சொன்னார். எனக்கு 88/56 முதல் 102/66 வரை வந்தது. “இதுதான் உங்கள் அளவு. இனி எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்” என்று சொல்லி, அதன் கீழே கையெழுத்தும் இட்டுக் கொடுத்தார்.

அன்றாட வாழ்க்கையில் நான் மாற்றிக்கொண்டவை பெரும்பாலும் சிறியவை. காலையில் படுக்கையின் ஓரத்தில் சிறிது நேரம் உட்கார்ந்து, கணுக்கால்களை அசைத்துவிட்டே எழுகிறேன். பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயிலில் நிற்க நேரும்போது, அதற்குக் கால்மணி நேரம் முன்பாக இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிடுகிறேன். நிற்கையில் கண் இருட்டத் தொடங்கினால் கால்களைக் குறுக்கே வைத்துத் தொடைகளையும் வயிற்றையும் இறுக்கிக்கொள்வதும், இரு கைகளையும் கோத்து எதிரெதிர்த் திசையில் இழுப்பதும் கால்களில் தங்கிய இரத்தத்தை மேலே தள்ளும். கோயில் வரிசையில் இது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் நாணம் பார்க்காமல் தரையில் அமர்ந்துவிட வேண்டும். மயங்கிய ஒருவரைச் சுற்றி நின்று தூக்கி நிறுத்துவதும், நாற்காலியில் உட்காரவைத்து வாயில் சோடாவைப் புகட்டுவதும் நம் ஊரில் அன்போடு செய்யப்படும் தீங்குகள். கிடத்திக் கால்களை உயர்த்திப் பிடித்தால் பெரும்பாலானவர்கள் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல்தான் என்னை அதிகம் சோதித்தது. சுடுநீர் தோலின் இரத்தக் குழாய்களை விரியச்செய்வதால் அழுத்தம் இறங்குகிறது. புழுக்கமான குளியலறையில் நின்றபடி தலையில் ஊற்றிக்கொண்டு சட்டென்று நிமிர்ந்தால் எனக்குக் கிறுகிறுத்துவிடும். வெதுவெதுப்பான நீருக்கும் முக்காலிக்கும் மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. குளித்த கையோடு வயிறு நிறையச் சோறு உண்பதையும் விட்டுவிட்டேன், ஏனெனில் சாப்பிட்டவுடன் இரத்தம் குடலுக்குத் திரும்புகிறது. நீர்கூட அருந்தாமல் சஷ்டி விரதம் இருப்பதில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் நீராகாரமும் மோரும் தவறாமல் குடிக்கிறேன். உப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: லோ பிரஷர் என்றதும் ஊறுகாயை அள்ளிச் சாப்பிடச் சொல்பவர்கள், எனக்குச் சொல்லப்பட்ட அதே யோசனையை இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கும் தயங்காமல் சொல்கிறார்கள். அது ஆபத்தானது.

குறிப்பேட்டின் அருமை தெரிந்தது ஓர் ஐப்பசி மாதத்தில், எனக்கு டெங்கு வந்தபோது. காய்ச்சல் விட்டிருந்தது, வீட்டில் எல்லோரும் தட்டணுக்களின் எண்ணிக்கையை விசாரிப்பதிலும் பப்பாளி இலையை இடிப்பதிலும் மும்முரமாக இருந்தார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விட்ட பிறகே தொடங்குகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும் நேரம் அது. விடாத வயிற்றுவலியும் வாந்தியும் இருந்ததால் மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே அளந்தபோது 90/74. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் அது எனக்கு வழக்கமானதே. பணியிலிருந்த மருத்துவர் என் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, “உங்களுக்கு இரண்டு எண்களுக்கும் நடுவே எப்போதும் முப்பதுக்கு மேல் இடைவெளி இருக்கிறது, இன்று பதினாறுதான் இருக்கிறது” என்றார். கசிவினால் குழாய்களில் உள்ள நீர் குறையும்போது உடல் அவற்றை இறுக்கிப் பிடிப்பதால், மேல் அழுத்தம் விழுமுன் கீழ் அழுத்தம் ஏறி, இடைவெளி சுருங்குகிறது. அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் டெங்குவில் அதை அதிர்ச்சி நிலையாகவே, அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேராத நிலையாகவே, எடுத்துக்கொள்கிறார்கள். என் விரல்கள் சில்லிட்டிருந்தன, நாடி 110-ஐத் தாண்டியிருந்தது, காலையிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை, இரத்தத்தின் அடர்த்தியும் ஏறியிருந்தது. உடனே சேர்த்துக்கொண்டு, மணிக்கு இவ்வளவு என்று அளந்து அளந்துதான் திரவம் ஏற்றினார்கள். கசிந்த நீர் பின்னர் குழாய்களுக்குத் திரும்பி வரும்போது, மிகையாக ஏற்றிய திரவம் நுரையீரலில் தேங்கிவிடக்கூடும் என்பதே காரணம்.

ஆகவே எப்போது கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் ஓர் எண்ணைச் சொல்வதில்லை. எப்போதும் 92 இருக்கிற நான் 90-இல் பாடம் நடத்துகிறேன். எப்போதும் 150 இருக்கிற ஒருவர் திடீரென 105-க்கு இறங்கினால் அவருக்கு அது பெரும் சரிவு. என் மாமனாருக்கு அழுத்த மாத்திரையோடு, புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசினும் சேர்க்கப்பட்ட பிறகு, இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தபோது விழுந்துவிட்டார். அமர்ந்த நிலையில் 124 இருந்தது, நின்றதும் 96. மருத்துவர் மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக் கொடுத்தார். தாமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று அவரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. என் தாயாருக்கோ அறுபதை எட்டும்போது 150-ஐத் தாண்டி, இப்போது அவரும் மாத்திரை சாப்பிடுகிறார். இளமையில் குறைவாக இருந்தது முதுமைக்குக் காப்புறுதி அல்ல என்பதால், நானும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

கல்லூரி விடுதியில் இருக்கும் என் மகளுக்கும் இதே உடல்வாகுதான். அவளுக்கும் ஒரு குறிப்பேடு இருக்கிறது, அதன் உள்ளட்டையில், எவற்றுக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை மருத்துவரைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்: தலைசுற்றலோடு நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல், சில்லிட்டு வியர்த்த கைகால்களும் வேகமான நாடியும், பேச்சில் தடுமாற்றம், இரத்த வாந்தி, அல்லது தார்போல் கறுத்து ஒட்டும் மலம் (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அது தார்போல் ஒட்டாது, கடும் நாற்றமும் இராது), குளிர்நடுக்கத்தோடு கூடிய கடுங்காய்ச்சலில் மயக்கம், மருந்தோ குளவிக்கொட்டோ பட்டபின் உடலெங்கும் தடிப்பு எழுந்து தலைசுற்றுதல். உடற்பயிற்சியின் நடுவிலோ, படுத்திருக்கும்போதோ, நெஞ்சு படபடத்தவுடனோ மயங்கி விழுந்தால், பிறகு முழுவதும் தெளிந்துவிட்டாலும், அன்றே ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி விழுவது அழுத்தத்தைவிட இதயத்தின் துடிப்போடு தொடர்புடையதாக இருக்கக்கூடும் என்பதால், அந்த வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.