உட்ரெக்ட்: தெருவுக்கு ஒரு மாடி கீழே

ஆம்ஸ்டர்டாமின் கூட்டத்தில் இரண்டு நாள் இடிபட்ட பிறகு, ஏப்ரல் மாதச் சனிக்கிழமை ஒன்றில் காலை ரயிலேறி, அரை மணி நேரத்துக்குள் நெதர்லாந்தின் இன்னொரு நகரமான உட்ரெக்டில் இறங்கினேன். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் பட்டவை மிதிவண்டிகள்தாம். அருகிலேயே மூன்று தளங்களில் 12,500 மிதிவண்டிகளை நிறுத்தும் இடம் இருக்கிறது. இறங்காமல் ஓட்டிக்கொண்டே உள்ளே போகலாம். செந்நிறப் பாதை நடப்பவர்களுக்கானது என்று நினைத்து அதில் நடந்தபோது பின்னால் மணியடித்தார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் வேகத்தைக் குறைக்கவுமில்லை. நிதானமான ஊர் என்று கேள்விப்பட்டு வந்தவனுக்கு அது நல்ல சகுனமாகத் தெரியவில்லை.

அவுடெக்ராக்ட் எனப்படும் பழைய கால்வாயை அடைந்த பிறகுதான், இவ்வூரின் நிதானம் தெருவுக்கு ஒரு மாடி கீழே இருப்பது புரிந்தது. மற்ற ஊர்களில் கால்வாய்க் கரையே தெருவாக இருக்க, இங்கே தெருவிலிருந்து படியிறங்கினால் நீர்மட்டத்தை ஒட்டி இன்னொரு கரை ஓடுகிறது. இடைக்கால வணிகர்கள் படகில் வந்த சரக்கை நேரே வீட்டுக்குள் கொண்டு சேர்ப்பதற்காக, தெருவின் அடியைக் குடைந்து, வீட்டு நிலவறையைக் கால்வாய்த் துறையோடு இணைத்திருக்கிறார்கள். அந்தச் செங்கல் வளைவுகளுக்குள் இன்று உணவகங்களும் பட்டறைகளும் இருக்கின்றன. கீழே உட்கார்ந்துவிட்டால் தெருவின் ஓசை தலைக்கு மேலேயே கடந்து போய்விடுகிறது.

ஒரு காபி கேட்டேன். வருவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. முதல் பத்து நிமிடம் எரிச்சலாக இருந்தது. அதற்குள் எதிர்க்கரையில் நாமக்கோழி ஒன்று கூடு கட்டுவதைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். சுள்ளிகளோடு, எங்கோ பொறுக்கிய பிஸ்கட் உறை ஒன்றையும் அலகால் இழுத்து வந்து, இரண்டு முறை இடம் மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. காபி வந்தபோது ஆறியிருந்ததா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

அன்று பகல் ஒரு மணிக்கு, தெற்கே கால்வாயோரத்தில் சிறு கூட்டம் நின்றது. 2012 முதல் இங்கே தெருக்கற்களில் ஒரு கவிதை வளர்ந்து வருகிறது: ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கல், ஒரு கல்லில் ஓர் எழுத்து. சிற்பி உளியால் எழுத்தை வெட்டி முடித்ததும் கல்லைத் தரையில் பதித்தார்கள். ஆண்டு முழுவதும் காத்திருந்தால் ஐம்பத்திரண்டு எழுத்து. ஒரு வாக்கியம் தேறலாம். எனக்கு டச்சு மொழி தெரியாது; அன்று கிடைத்த ஒற்றை எழுத்தை மட்டும் பிழையின்றி வாசித்துவிட்டேன்.

ஊரின் நடுவே 112 மீட்டர் உயரத்தில் டோம் தேவாலயத்தின் கோபுரம் நிற்கிறது. 1674ஆம் ஆண்டுப் புயலில் தேவாலயத்தின் நடுமண்டபம் இடிந்துவிட, கோபுரம் ஒருபுறமும் ஆலயத்தின் மிச்சம் மறுபுறமுமாகப் பிரிந்துபோயின. இடைப்பட்ட வெளி இப்போது சதுக்கம். 465 படிகளை நான் ஏறவில்லை, முழங்கால் ஒப்பவில்லை.

என்னை அதைவிட வியக்க வைத்தது பழைய அகழிதான். 1970களில் கார்களுக்காக அதன் ஒரு பகுதியில் நீரை வற்றச் செய்து விரைவுச்சாலை போட்டார்கள். 2020இல் அந்தச் சாலையைப் பெயர்த்தெடுத்துத் தண்ணீரை மீண்டும் விட்டார்கள். ஒருமுறை போட்ட சாலையை எடுத்துவிட்டு நீரைத் திரும்பக் கொண்டுவரும் மனம் ஒரு நகராட்சிக்கு வாய்ப்பது அரிது. நான் போனபோது, கார்கள் விரைந்த இடத்தில் ஒருவர் துடுப்புப் படகில் சாய்ந்தபடி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

மாலையில் வடக்கே வேர்ட் மதகுக்கு நடந்தேன். வசந்தத்தில் முட்டையிடுவதற்காக மீன்கள் இவ்வழியே நீந்தி வருகின்றன. ஆனால் அந்தப் பருவத்தில் படகுகள் குறைவு என்பதால் மதகுக் கதவு அபூர்வமாகத்தான் திறக்கிறது. அதனால் 2021இல் நீருக்கடியில் ஒரு கேமராவை வைத்தார்கள். உலகில் எங்கிருந்தாலும் இணையத்தில் பார்த்து, மீன் தென்பட்டால் பொத்தானை அழுத்தலாம். செய்தி மதகுக் காவலருக்குப் போகிறது. இதைத்தான் மீன்களின் அழைப்புமணி என்கிறார்கள்.

அன்றிரவு விடுதியில் கைப்பேசியைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தேன். திரையில் பாசி கலந்த பச்சை நீர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, கோடு போட்ட மீன் ஒன்று இடப்பக்கத்திலிருந்து மெல்ல வந்து நின்றது. மணியை அழுத்தினேன்.