மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று எழும்பி வந்த பிறகு

2009 மே மாதம், போர் முடிகிற நேரம், முல்லைத்தீவுப் பக்கம் வட்டுவாகல். ஒரு நாளென்றாலும் புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் வந்து பதியும்படி இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். என் கணவர் எழும்பினார். "விசாரிச்சுப்போட்டு விட்டுடுவினம், பிள்ளையைப் பார்" என்றார். மகனுக்கு அப்போது 3 வயது.

அவர் திரும்பி வரவில்லை. பிறகு அவரைத் தேடி நான் ஏறாத வாசல் இல்லை. செஞ்சிலுவைச் சங்கம், பொலிஸ், ஆணைக்குழு. போகிற இடமெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

2018இல் அவருடைய வங்கிப் புத்தகத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்த பிள்ளை, "அக்கா, மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல் சுகம்" என்றாள். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி காணாமற்போனவருக்கு அப்படி எடுக்கலாம். எடுத்தவர்களை நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே. ஆனால் இறந்த திகதியைக் கேட்டாள். என் கண் முன்னால் நடந்து போன மனிசனுக்கு நான் எந்த நாளைச் சொல்வது? எழும்பி வந்துவிட்டேன்.

2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஆள் காணாமற்போனதற்கே ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், சத்தியக்கடதாசி, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, படம் எல்லாம் சேர்த்தேன். மூலப் பிரதியை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

படம்தான் பாடாய்ப்படுத்தியது. இருந்தது ஒரே ஒரு கல்யாணப் படம், சீலைத் தலைப்பில் முடிந்து நந்திக்கடல் களப்புத் தண்ணீரோடு வந்தது. கிளிநொச்சியில் போட்டோகொப்பிக் கடைத் தம்பி எடுத்த முதல் பிரதியில் இவர் முகம் முழுக்கக் கறுப்பு. கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்தைக் கூட்டி, நான்கு தரம் எடுத்தான். நான்காவதில்தான் மூக்கும் மீசையும் தெரிந்தன. காசு வேண்டாம் என்றுவிட்டான். அன்றைக்கு அந்தக் கடை வாசலில் நின்று நன்றாக அழுதேன்.

சான்றிதழ் கிடைத்தது. ஆனால் அது 2 வருடத்துக்குத்தான். அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

புதுப்பிக்கப் போனபோது எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது, எழுத்துத் தெரியவில்லை. படிவத்தை மகன் வாங்கி நிரப்பினான். கடைசியாகக் கண்ட இடம் எது என்று என்னைக் கேட்கவில்லை. தானாகவே வட்டுவாகல் என்று எழுதினான்.