ஓரியூருக்குக் கொண்டுபோன கடன்

அம்மா நேர்ந்துகொண்டது 2021 மே மாதத்தில். தம்பி உள்ளே ஆக்ஸிஜனில் கிடந்தான். எங்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். எதிரே இருந்த வேப்ப மரத்தடியில் அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "ஓரியூர் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். மதுரையிலிருந்து கிழக்கு என்று கை காட்டினேன். அந்தப் பக்கம் பார்த்து முழங்காலில் விழுந்தாள். "அருளானந்தரே, என் பிள்ளை எழுந்து வரட்டும். உம் மண்ணில் அவனுக்கு மொட்டை போட்டு, ஒரு கிடாய் அறுத்து, வருகிறவர்களுக்கு என் கையால் சோறு போடுகிறேன்."

வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருந்தால் வசதியாக ரயிலில் போய் வந்திருக்கலாமே என்று பிற்பாடு நான் முணுமுணுத்தது உண்டு. ஆனால் அம்மா பிறந்தது திருவாடானைப் பக்கம். ஆபத்து என்றால் அவள் வாயில் முதலில் வருகிற பெயர் அருளானந்தர்தான், ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்த போர்ச்சுகல் நாட்டு இயேசு சபைத் துறவி, புனித ஜான் டி பிரிட்டோ.

பத்தொன்பதாம் நாள் தம்பி எழுந்து வந்தான். மறு வருடம் ஜனவரியில் அம்மா போய்விட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நேர்ச்சை அப்படியே நின்றது.

அதன்பின் ஒவ்வொரு பிப்ரவரியும் ஒரு காரணத்தோடு வந்தது. மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடனின் வட்டி, தம்பி பார்த்த வேலை போனது, என் மகளின் பரீட்சை. உண்மையான காரணம் வேறு. தம்பி கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். ஒருநாள் வற்புறுத்தியபோது சொன்னான்: "எனக்காகத்தானே அக்கா அம்மா அப்படி அலைந்தாள்? என்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளை எடுத்துக்கொண்டார். இதற்கு நான் நன்றி வேறு சொல்லவேண்டுமா?" வேதபாட வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆயிரம் சொல்லிக் கொடுத்தவள் நான். என்னிடம் பதில் இல்லை.

இந்த 2026-இல் திருநாளான பிப்ரவரி 4 புதன்கிழமையாகவே அமைந்தது. அருளானந்தர் தலை வெட்டுண்டதும் புதன்கிழமைதான். 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4, அது தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனும்கூட. இனியும் தள்ளினால் அம்மா முகத்தில் விழிக்க முடியாது என்று அவனிடம் சொன்னேன். "சாமிக்காக வரவேண்டாம். அம்மா பட்ட கடனை அடைக்க வா." வந்தான்.

சிவகங்கை, காளையார்கோயில் வழியாகத் திருவாடானை. பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. என் காலுக்கிடையில் யாருடைய அரிசி மூட்டையோ இருந்தது. திருவாடானையில் பெரியப்பா மகன் கிடாயை வாங்கி வைத்திருந்தான். அதையும் அண்டா, விறகையும் ஏற்றிய சுமை ஆட்டோவில் நாங்களும் தொற்றிக்கொண்டோம். வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல், பனை, சீமைக்கருவேலம், பாதி வற்றிய கண்மாய். ஊர் நெருங்குவதற்கு வெகுமுன்பே நெரிசல் என்று வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இறங்கி நடங்கள் என்றார்கள். நாங்கள் நடந்தோம், கிடாய் நடக்கவில்லை. இழுத்துப் பார்த்தோம், தள்ளிப் பார்த்தோம், தழையைக் காட்டினோம். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்களே தவிர ஒருவரும் கை கொடுக்கவில்லை. கடைசியில் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

எங்கள் வீட்டுக் கூடத்தில், இயேசுவை ஆட்டிடையராகக் காட்டுகிற ஒரு நல்லாயன் படம் உண்டு. தோளில் ஆடு, கையில் கோல். அம்மா தினமும் துடைப்பாள். தம்பியைப் பார்த்ததும் எனக்கு அந்தப் படம் நினைவுக்கு வந்தது. நல்லாயன் அதை வீட்டுக்குத் தூக்கிப் போகிறார், இவன் அண்டாவுக்குத் தூக்கிப் போகிறான் என்பதும் உடனே தோன்றி, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தான். சொன்னேன். அவனும் சிரித்தான். நான்கு வருடமாயிற்று அவன் அப்படிச் சிரித்து.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மெழுகுவர்த்தி விற்கிற பையன்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். "என்னிடம் வாங்கினால்தான் சீக்கிரம் உள்ளே போகலாம்" என்று ஒருவன் வாய் கூசாமல் சொன்னான். மொட்டை போடுகிறவர் முதலில் ஒரு தொகை சொன்னார், பாதித் தலையில் நிறுத்திவிட்டு இன்னொரு தொகை சொன்னார். பாதி மொட்டையோடு எழுந்து எங்கே போவது? கொடுத்தோம். பீடத்தைக் காண நின்ற வரிசையில் முன்னால் நின்றவர் தன் குடும்பம் முழுவதையும் ஒவ்வொருவராக இடையில் செருகிக்கொண்டே இருந்தார். எண்ணினேன், பதினொரு பேர். அருளானந்தர் பொறுத்துக்கொள்கிறார், எனக்கு அவ்வளவு புண்ணியம் போதாது.

செம்மண் இடத்துக்கு வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. அந்த மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சுற்றுவட்டாரமெல்லாம் வேறு நிறமாக இருக்க, அங்கே மட்டும் அவர் சிந்திய இரத்தத்தின் சிவப்பு. ஆளுக்கொரு பிடி அள்ளித் துணியில் முடிந்துகொண்டிருந்தார்கள். ஒரு கிழவி அள்ளிய மண்ணை அப்படியே நெஞ்சில் தேய்த்துக்கொண்டாள். தம்பி மொட்டைத் தலையில் சந்தனத்தோடு உட்கார்ந்தான். முழங்காலிடவில்லை. வெறுமனே உட்கார்ந்தான்.

வெகுநேரம் கழித்துக் கேட்டான். "அக்கா, தடியத்தேவர் கதைதானே இது?"

ஆமாம் என்றேன். மறவர் சீமை இளவரசரான தடியத்தேவர் தீராத நோயில் படுத்து, அவர்மேல் நற்செய்தி வாசித்துச் செபித்தபின் எழுந்து அருளானந்தரிடம் ஞானஸ்நானம் வாங்கியவர். ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வதென்று அவர் முடிவெடுத்ததால், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி, ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுக்காரி, அரண்மனையில் போய் அழுதாள். கிழவன் சேதுபதி சாமியாரைப் பிடித்து ஓரியூருக்கு அனுப்பினார். இங்கே தலை விழுந்தது. சின்ன வயதிலிருந்து நூறு பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்.

"அப்படியென்றால் தடியத்தேவர் பிழைத்ததால்தான் இவர் செத்தார்."

என் தொண்டை அடைத்துவிட்டது. எத்தனை பிரசங்கம் கேட்டும் அந்தக் கதையை நான் தடியத்தேவர் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை.

"அவருக்கு எப்படி இருந்திருக்கும் அக்கா?" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய வேலையை அந்த மண்ணே பார்த்துக்கொண்டது என்றுதான் இப்போதும் நம்புகிறேன். கொலை நடப்பதற்கு முந்தின நாள், சிறையில் மை இல்லாமல் கரியைக்கொண்டு தம் சபையினருக்குக் கடிதம் எழுதியவர் அவர். அந்தக் கடிதத்தில் தடியத்தேவர்மேல் வருத்தமில்லை, யார்மேலும் வருத்தமில்லை. தாம் இத்தனை நாள் வேண்டிக்கொண்டது கிடைக்கப்போகிறது என்கிற சந்தோஷம்தான். நான் அழுதுகொண்டே தம்பியிடம் அந்தக் கடிதத்தைச் சொன்னேன். அதோடு இன்னொன்றையும் சொன்னேன். அருளானந்தரே ஒரு தாயின் நேர்ச்சைப் பிள்ளைதான். லிஸ்பனில், ஏறக்குறைய பதினொரு வயதில், சாகக் கிடந்தார். பிழைத்தால் ஒரு வருடம் இயேசு சபையின் அங்கியை உடுத்திவைக்கிறேன் என்று அவருடைய தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள். பிழைத்தார், உடுத்தினார். அந்த அங்கிதான் அவரை இந்த மறவர் சீமை வரைக்கும் இழுத்து வந்தது. மகன் வெட்டுண்ட செய்தி போர்ச்சுகலுக்குப் போனபோது, அந்தத் தாய் துக்க உடை உடுத்தாமல் திருநாள் உடையில் அரசர் முன்னால் வந்தாள் என்பார்கள். நேர்மையாகச் சொல்கிறேன், அந்த இடம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. பெற்ற வயிறு அப்படியா இருக்கும் என்று கோபமாகக்கூட இருக்கும். அன்று அந்த மண்ணில் உட்கார்ந்து சொல்லும்போது கோபம் வரவில்லை. தம்பி மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று அம்மா பெட்டிக்குள்ளிருந்து கலியாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாளே, அதுதான் கண்ணுக்குள் நின்றது.

அவனுக்கும் அதுவே தோன்றியிருக்கவேண்டும். "அந்த மயில்கழுத்து நிறப் புடவை" என்றான். பிறகு குனிந்து நெற்றி மண்ணில் பட விழுந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் நின்றவர்கள், "தம்பி, கொஞ்சம் ஒதுங்கினால் நாங்களும் கும்பிடுவோம்" என்று குரல் கொடுத்தார்கள். இயேசுவே, உமக்குத் தோத்திரம். அன்று கேட்ட அந்தச் சிடுசிடுப்புக்கும் தோத்திரம்.

மற்றதெல்லாம் எந்த வரிசையில் நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. திருப்பலியில் நற்கருணை வாங்கினேனா, அதற்கு முன்பே உலை வைத்துவிட்டோமா? கிடாய் கறியாகி, சோறு வடித்து, மரநிழலில் இலை போட்டோம். அம்மா "என் கையால்" என்று சொல்லியிருந்தாளே, அவள் இடத்தில் தம்பி பரிமாறினான். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர், நெற்றி நிறைய திருநீறு, இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டே, "எங்கள் குலசாமிக்கு அடுத்து எங்கள் வீட்டில் அருளானந்த சாமிதான்" என்றார். வெட்டச் சொன்ன சீமையின் பிள்ளைகள் அவருக்கே கிடாயோடு வந்து பந்தியில் உட்கார்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

வட்டி இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். தம்பிக்கு வேலை இன்னும் அமையவில்லை. முடிந்து வந்த செம்மண்ணை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, நல்லாயன் படத்துக்குக் கீழே வைத்தேன். திருநாள் முடிந்து பதின்மூன்று நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை இரவு தம்பி வந்தான். பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டான்.

"நாளைக்கு விபூதிப் பூசை எத்தனை மணிக்கு?"

ஐந்தரைக்கு என்றேன். ஆறு மணிக்குத்தான். அவன் எப்போதும் அரைமணி தாமதமாக வருகிறவன்.