கட்டைவிரலில் ஒரு சூடு

ஜான் ஆடம்ஸ் என்றதும் அமெரிக்காவின் 2வது அதிபர் என்பார்கள். எனக்கு அவர் என்றைக்கும் பாஸ்டன் வக்கீல்தான்.

1770 மார்ச் 5 இரவு, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாஸ்டனில், பனி கிடந்த தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் 5 பேர் செத்துப்போனார்கள். ஊரே கொதித்துக் கிடந்தது. அந்தச் சிப்பாய்களுக்காக வாதாட வந்தார் ஆடம்ஸ். வயது 34. இத்தனைக்கும் பிரிட்டிஷ் கெடுபிடியை எதிர்த்து எழுதியவர் அவர்!

சிப்பாய்களின் தலைவர் கேப்டன் பிரெஸ்டன் விடுதலை. 8 சிப்பாய்களில் 6 பேர் விடுதலை. மீதி 2 பேர் திட்டமிட்டுக் கொல்லவில்லை என்று தீர்ப்பு. தூக்குக் கயிறு தப்பியது. கட்டைவிரலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டு விட்டுவிட்டார்கள்.

1776ல் சுதந்திரத்துக்காக அவர் முழங்கியதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நாட்டுக்குத் தான் செய்த மிகச் சிறந்த சேவைகளில் ஒன்று என்று அவரே பின்னாளில் டைரியில் எழுதிவைத்திருக்கிறார்.