ஆஸ்பிரின் கேட்டு வருகிறவர்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். ஆஸ்பிரின் கேட்டு வருகிறவர்களை என் மனத்துக்குள் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள், வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள். இருவரும் கேட்பது அதே 100 மில்லிகிராம் மாத்திரைதான். ஆனால் ஒருவரிடம் "நிறுத்திவிடாதீர்கள் ஐயா" என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது, இன்னொருவரிடம் "தொடங்காதீர்கள்" என்று மன்றாட வேண்டியிருக்கிறது.

பயப்படுகிறவர்களிடம் இப்போது புற்றுநோயும் சேர்ந்துகொண்டது. அண்ணனுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ பெருங்குடல் புற்றுநோய் வந்திருக்கும். தினமும் ஓர் ஆஸ்பிரின் போட்டால் அது அண்டாது என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருப்பார்கள். வழக்கமாக அதில் வருகிற மருத்துவக் குறிப்புகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். இதை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் அது முழுப் பொய் இல்லை. 1988இல் மெல்பர்னில் கேப்ரியல் கூன் குழுவினர், ஆஸ்பிரின் எடுப்பவர்களிடையே பெருங்குடல் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கவனித்தார்கள். 2010இல் ஆக்ஸ்போர்டின் பீட்டர் ராத்வெல், இதயத்துக்காகவும் பக்கவாதத்துக்காகவும் முன்பு நடந்த ஆஸ்பிரின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களை 20 ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து பார்த்தார். பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் பக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

வாட்ஸ்அப் செய்தியில் விடுபட்டுப் போவது காலக்கணக்கு. அந்தப் பலன் ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் மாத்திரை எடுத்தவர்களிடம்தான் நன்றாகத் தெரிந்தது, அதுவும் பல ஆண்டுகள் கழித்து. ஆஸ்பிரினால் வருகிற இரத்தக் கசிவு அப்படிக் காத்திருப்பதில்லை. இரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது. ஒரு தட்டணுவில் உறைதலுக்கு உதவுகிற நொதியை ஆஸ்பிரின் ஒருமுறை முடக்கிவிட்டால் அந்தத் தட்டணுவால் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள முடியாது. அது வாழ்கிற ஏழு முதல் பத்து நாள்வரை முடங்கியே கிடக்கும். இத்தனை சிறிய மாத்திரை இதயத்தைக் காப்பாற்றுவது இதனால்தான். இரைப்பைச் சுவரைப் பாதுகாக்கிற சுரப்புக்கும் அதே நொதி வேண்டியிருப்பதால், வயிற்றில் புண் வருவதும் இதனால்தான். "மேலே பூச்சு போட்ட மாத்திரை கொடுங்களேன்" என்பார்கள். அந்தப் பூச்சு வயிற்று எரிச்சலைக் குறைக்கலாம். கசிவைத் தடுத்துவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள் என்னிடம் வாதாடினார். "ஏன்மா, கடையில் இருக்கிற பொருளை விற்க மாட்டேன் என்கிறாயே, உன் முதலாளிக்கு இது தெரியுமா?" தெரியும், அவருக்கும் அதில் வருத்தம்தான். 2018இல் வெளிவந்த ஆஸ்ப்ரீ ஆய்வைப் பற்றி அந்தப் பெரியவரிடம் சொன்னேன். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 பேர், பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவர்கள், இதய நோய் இல்லாதவர்கள். தினம் 100 மில்லிகிராம் எடுத்தும் மறதி நோயும் உடல் முடக்கமும் இல்லாமல் வாழும் காலம் கூடவில்லை. பெரிய இரத்தக் கசிவு கூடியது. புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், புற்றுநோய் மரணங்கள் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் சற்று அதிகமாகவே இருந்தன. ஐம்பதுகளில் இருப்பவர்களுக்கு 2016இல் இதயத்துக்கும் பெருங்குடலுக்கும் சேர்த்து இதைப் பரிந்துரைத்த அமெரிக்க நிபுணர் குழுவே, 2022இல் பெருங்குடலுக்குப் போதிய சான்று இல்லை என்று பின்வாங்கியது. அறுபதுக்கு மேல் முதல்முறையாகத் தொடங்கவே வேண்டாம் என்றும் சொன்னது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. குடல் புற்றுநோய் வருகிற வாய்ப்பைக் கூட்டுகிற லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு, தினம் 600 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்ததில் பெருங்குடல் புற்றுநோய் பின்னாளில் குறைந்தது. அதனால், அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஐம்பது வயதுக்குள்ளேயே குடல் புற்றுநோய் என்று யாராவது சொன்னால் நான் மாத்திரையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, நிபுணரைப் பார்க்கச் சொல்லிவிடுவேன். அந்த அளவெல்லாம் கடைக்காரர் தீர்மானிக்கிற விஷயம் இல்லை.

நம்மவர்களுக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, அதிகம். மலேசிய இனங்களில் இந்தியர்களிடம்தான் அது மிகுதி என்பதைச் சுகாதார ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "இனிப்பு நீர் இருந்தால் ஆஸ்பிரின் கட்டாயம் போட வேண்டும்தானே?" என்று கேட்கிறார்கள். 15,480 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த அசெண்ட் ஆய்வில், பெரிய இதய, இரத்தக்குழாய் பாதிப்புகள் 9.6 சதவீதத்திலிருந்து 8.5ஆக இறங்கின. பெரிய கசிவுகளோ 3.2இலிருந்து 4.1ஆக ஏறின. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்ட கதை. யாருக்கு எது கனமானது என்பதை மருத்துவர்தான் அவரவர் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இத்தனையும் பேசுகிற எனக்கு உண்மையான கவலை முதல் வகையினர்மேல்தான். 'ஆஸ்பிரின் ஆபத்து' என்ற தலைப்புகள் வரத் தொடங்கியதும், இதயக் குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாகவே மாத்திரையை நிறுத்துகிறார்கள். ஓர் அம்மா பெருமையாகச் சொன்னார்: "அவருக்கு நான்தான் நிறுத்திவிட்டேன், செய்தியில் வந்ததே." அந்தச் செய்தி மாரடைப்பே வராதவர்களைப் பற்றியது. மாரடைப்பு வந்தவர்களின் கதை வேறு: 1988இல் ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 பேரிடம், ஒரு மாத ஆஸ்பிரின் மட்டுமே இதய, இரத்தக்குழாய் மரணங்களை ஏறக்குறைய கால் பங்கு குறைத்தது. அந்த அம்மாவை அன்றைக்கே கணவரோடு இதய மருத்துவரிடம் போகச் சொன்னேன். கொஞ்சம் அதட்டியும் சொன்னேன். வயதில் மூத்தவர்களை அதட்டுவது நமக்குப் பழக்கமில்லைதான்.

துறைமுகப் பெரியவருக்கு மாத்திரை கிடைக்கவில்லை. கோபத்தோடு புறப்பட்டவரை நிறுத்தி இரத்த அழுத்தம் பார்த்தேன். மேல் எண் 160ஐத் தாண்டியிருந்தது. அந்த அழுத்தத்தோடு ஆஸ்பிரினும் சேர்ந்தால் மூளையில் கசிவு வருகிற அபாயம் கூடும் என்றபோதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அரசாங்கக் கிளினிக்குக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். புற்றுநோய்ப் பயம் இருந்தால் அங்கேயே மலப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்றேன். "மாத்திரை கேட்டால் மலம் கொண்டு போகச் சொல்கிறாய்" என்று முணுமுணுத்தபடி சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.